ஏழு மாதத்தில் பிராக்சிமா

நேயர்களுக்கு வணக்கம்.

1769 ஜூன் 4ஆம் தேதி காலை, சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் தொலைநோக்கியுடன் காத்திருந்தார் லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வானியலாளர். முந்தைய வாய்ப்பு வந்த 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தது. அவரோ நடுக்கடலில் இருந்தார். எட்டு ஆண்டுகள் பொறுத்தும் அன்று மேகம் மறைத்துவிட்டது. 1771இல் ஊர் திரும்பினால், ஆள் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டி, வாரிசுகள் சொத்தில் கைவைத்திருந்தார்கள்.

ஊராருக்கு எத்தனை வயது கூடியதோ, அத்தனைதான் அவருக்கும் கூடியது. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறந்து திரும்புபவருக்கு அந்தக் கணக்குகூட ஒத்துவராது.

சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு தொலைவு. ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் இத்தொலைவைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒளிவேகத்தில் 99 விழுக்காடு கைவந்தால்? பூமியின் கணக்கில் நாலேகால் ஆண்டு. கலத்துக்குள்ளோ ஏழு மாதம் சொச்சம். கலத்தின் கடிகாரம் மட்டும் மெதுவாக ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம்; பயணியின் நாடித்துடிப்பு, பசி, நரை எல்லாமே அந்த ஏழு மாதக் கணக்குதான். 1905இல் ஐன்ஸ்டைன் வகுத்த சார்பியல் கோட்பாடு இதைத்தான் சொல்கிறது.

ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிடாதீர்கள். கடலூர் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகின் ஜி.பி.எஸ். கருவியில் இந்தக் கணக்கு தினமும் கறிக்கு உதவிக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோள் கடிகாரம் வேகத்தால் நாளொன்றுக்கு 7 மைக்ரோநொடி பின்தங்கும்; நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோநொடி. உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் 45 மைக்ரோநொடி முந்தும். கூட்டிக் கழித்தால் 38. இதைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும்.

ஆகவே தடை காலமல்ல, எரிபொருள். ஒரே ஒரு கிலோ எடையை 99 விழுக்காட்டு வேகத்துக்கு உந்த வேண்டும் என்றால், நெய்வேலியின் 1000 மெகாவாட் புதிய அனல்மின் நிலையம் முழுத் திறனில், ஒரு நொடிகூட நிற்காமல் 17 ஆண்டுகள் ஓட வேண்டும். ஆளும் சோறும் தண்ணீரும் இன்னும் ஏறவே இல்லை! போய்ச் சேர்ந்ததும் நிற்கவும் வேண்டும். அதற்கான ஆற்றல் தனி. வழியில் மிதக்கும் ஹைட்ரஜன் அணுக்களோ அந்த வேகத்தில் கதிர்வீச்சாகவே வந்து தாக்கும்.

நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மனிதர் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை. 2016இல் அறிவிக்கப்பட்ட பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் திட்டம் ஆசையை வெகுவாகக் குறைத்துக்கொண்டது: சில கிராம் எடையில் ஒரு மின்னணுச் சில்லு, லேசர் ஒளி தள்ளும் மெல்லிய பாய், ஒளிவேகத்தில் 20 விழுக்காடு. அப்படிப் போனால் 21 ஆண்டுப் பயணத்தில் காலம் மிச்சமாவது சுமார் ஐந்து மாதம்தான். அதை அனுபவிக்கவும் உள்ளே ஆள் கிடையாது.