அப்பத்தாவின் குரல் உள்ள வட்டு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். புதிய வீடியோ வட்டை மக்கள் வீட்டுக்குள் சேர்ப்பது படத்தின் தெளிவுக்காகவா, பழைய வட்டையும் ஓட்டும் வசதிக்காகவா என்றால், வசதிக்காகவே என்பது எங்கள் அணியின் வாதம்.

டிவிடிக்கு அடுத்த தலைமுறையாக 2006-இல் விற்பனைக்கு வந்த போட்டி வட்டுகளான ப்ளூ-ரே, எச்டி டிவிடி இரண்டும் தந்தது ஒரே 1080 வரித் தெளிவுதான்; ஆயினும் 2008 பிப்ரவரியில் தோஷிபா நிறுவனம் தன் எச்டி டிவிடியைக் கைவிட்டது. கடுமையாக மோதிக்கொண்ட அந்த இரு தரப்பும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின: டிவிடியை ஓட்டாத கருவியோடு மக்கள் முன் போய் நிற்க இருவருமே துணியவில்லை.

எதிரணி நண்பர், "பழைய வட்டுகளைத் தோட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், குருவியாவது பயந்து ஓடும்" என்றார். அவை சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு என் தந்தையார் வாங்கிய டிவிடி பிளேயரின் கதையே பதில்.

அக்காள் கல்யாணத்தை சிடியில் பதிந்த விசிடிகள் மூன்றையும் துண்டில் சுற்றிக் கொண்டு அவர் கடைக்குப் போனார். கடைக்காரர் மீன்கள் நீந்தும் படமொன்றைப் போட்டு, செதில் செதிலாகத் தெரிவதைக் காட்டினார். அப்பா துண்டைப் பிரித்து, "இதைப் போடுங்கள்" என்றார். ஓடவில்லை. வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார், அப்போதும் ஓடவில்லை. அடுத்த கருவியைக் கேட்டார், அதற்கடுத்ததையும் கேட்டார். கடைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது, வாசலில் நின்ற எனக்கோ கூச்சம் பிடுங்கியது. நான்காவது கருவியில் நாதஸ்வரம் கேட்டது. அதற்குப் பிறகே அவர் கை சட்டைப் பைக்குள் போனது.

அது பிடிவாதம் அன்று. ஸ்டூடியோவில் பதிந்து தரும் வட்டின் சாயப்பூச்சு, டிவிடிக்குரிய 650 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு லேசர் கதிரைச் சரியாகத் திருப்பியனுப்பாது. சிடிக்குரிய 780 நானோமீட்டர் கதிரும் கருவியில் இருந்தால்தான் அதைப் படிக்க முடியும். ப்ளூ-ரேக்கு வேண்டியது 405 நானோமீட்டர் நீல ஊதாக் கதிர். ஆகவே புதிய கருவி வாங்குகிறவர் அதற்கு எத்தனை லேசர் கண்கள் என்று பார்த்தே வாங்குகிறார்.

விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளிகள்தான். முகங்கள் கட்டம் கட்டமாக உடையும் என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் இரண்டாம் வட்டில் பந்திக்கு நடுவே அப்பத்தா நிற்கிறார். அவர் காதின் பாம்படம் மஞ்சள் கறையாகத்தான் தெரிகிறது. ஆனால், "அந்தக் கடைசி இலைக்கு ரசம் போகலை பாரு" என்று அவர் கூப்பிடுவது தெளிவாகக் கேட்கிறது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் குரல் எங்களுக்கு வேறெங்கும் இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் அந்த வட்டைப் போடுகிறோம். அந்த இடம் வரும்போது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பார். நடுவர் அவர்களே, இந்த வட்டையா தோட்டத்தில் தொங்கவிடச் சொல்கிறார்கள்?