கம்பியில் தொங்கிய காகிதம்

வணக்கம் நேயர்களே.

நிலையத்திலிருந்து என்னை அழைத்தபோது, "மண்ணைப் பற்றி ஒரு பதினைந்து நிமிடம் பேசுங்கள் சார்" என்றார்கள். பிழைப்பே மண்ணோடுதான். ஆய்வகத்தில், வகுப்பில், வயலில் என்று முப்பது வருடமாகப் பேசிக்கொண்டே இருக்கிறேன். இந்த ஒரு முறை விளையாட்டைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "கிரிக்கெட்டா சார்?" என்றார் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பதினைந்து நிமிடம்தான் சார்" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்போது அவர்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

2011 முதல் மூன்று வருடம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆபர்ன் என்ற ஊரில் இருந்தேன். பல்கலைக்கழகத்தை எடுத்துவிட்டால் ஊரே இல்லை. 2010 கணக்கெடுப்பில் ஊர் மக்கள்தொகை 53,000 சொச்சம். பல்கலைக்கழக அணியின் மைதானமான ஜோர்டன்-ஹேரில் அப்போது 87,451 பேர் உட்காரலாம். கைக்குழந்தை உட்பட ஊரையே உள்ளே அனுப்பினாலும் முப்பதாயிரம் இடம் காலியாக இருக்கும். ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் ஒரு இடம்கூடக் காலியாக இருக்காது. விளையாடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆட்டம் எப்படி? படம் போட்டுக் காட்ட வானொலியில் வழியில்லை. எனக்குத் தெரிந்த வகையில் சொல்கிறேன். நம் ஊரில் வரப்புத் தகராறு பார்த்திருப்பீர்கள். பங்காளி ஒவ்வொரு உழவுக்கும் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போடுவான். நாம் திருப்பித் தள்ளுவோம். அவ்வளவுதான் ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னே போக வேண்டும். போனால் இன்னும் நான்கு வாய்ப்பு, போகாவிட்டால் பந்து பங்காளி கைக்கு. எல்லையைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்விட்டால் டச்டவுன், ஆறு புள்ளி. அதுவரை போக முடியாது என்று தோன்றினால் பந்தைத் தரையில் நிறுத்தி, தூரத்தில் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைக்கலாம். உள்ளே போனால் மூன்று புள்ளி. இந்த உதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

பங்காளி என்றேன் இல்லையா. ஆபர்னின் பங்காளி, அதே மாநிலத்தின் இன்னொரு பெரிய பல்கலைக்கழகமான அலபாமா. முதல் ஆட்டம் 1893-இல். 1907-இல் ஆட்டம் சமனாக முடிந்தது. அடுத்த வருட ஆட்டத்துக்கு வீரர்களின் படிக்காசு எவ்வளவு, நடுவர் யார் என்பதில் சண்டை. சின்னத் தொகைதான். அதற்காக 1948 வரை, நாற்பத்தொரு வருடம், இரண்டு அணியும் மோதிக்கொள்ளவே இல்லை. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகாத குடும்பங்களை நமக்குத் தெரியும், அதே கதைதான். பிறகு சமாதானமாகி, இரும்பு உருக்கும் ஊரான பர்மிங்காமில் ஆட ஆரம்பித்தார்கள். அதனால் இந்த ஆட்டத்துக்கு அயர்ன் பௌல் என்று பேர். ஆபர்ன் ஊருக்குள்ளேயே அது வந்தது 1989-இல்தான்.

இனி மரங்களைப் பற்றி. இதைச் சொல்லாமல் 2013 சீசனைச் சொல்ல எனக்கு வராது, மன்னியுங்கள்.

ஆபர்னில் பல்கலைக்கழக வாசலும் கடைத்தெருவும் சந்திக்கும் முனைக்கு டூமர்ஸ் கார்னர் என்று பெயர். டூமர்ஸ் என்பது ஒரு பழைய மருந்துக்கடை, இப்போது எலுமிச்சை ஜூஸுக்குப் பேர்போனது. ஒரு காலத்தில் ஊரில் தந்தி வசதி இருந்தது அந்தக் கடையில் மட்டும்தானாம். அணி வெளியூரில் ஆடும்போது முடிவு தந்தியில் வரும். ஜெயித்த செய்தி வந்ததும் கடைக்காரர்கள் தந்திக் காகித நாடாவை அள்ளி வெளியே கம்பியின் மேல் வீசுவார்களாம். கம்பியில் காகிதம் தொங்கினால் ஜெயித்தோம் என்று ஊருக்குத் தெரியும். வானொலி வருவதற்கு முந்தைய வானொலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் கம்பி போய், முனையிலிருந்த இரண்டு பெரிய ஓக் மரங்கள் வந்தன. நாடா போய், டாய்லெட் பேப்பர் வந்தது. சிரிக்காதீர்கள். ஜெயித்த இரவில் ஊரே சுருள் சுருளாக எடுத்துவந்து மரத்தின் மேல் வீசும். கிளையெல்லாம் வெள்ளையாகத் தொங்கும். தாத்தா, பேத்தி, பேராசிரியர், போலீஸ்காரர் என்று யாரும் பாக்கியில்லை.

2010-இல் அயர்ன் பௌலில் ஆபர்ன் 24-0 என்று பின்தங்கி, கடைசியில் 28-27 என்று ஜெயித்தது. அடுத்த ஜனவரி மாதம், நேயர்கள் தொலைபேசியில் பேசும் ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு ஒருவர் அழைத்தார். அலபாமா ரசிகர். அந்த ஓக் மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டேன் என்றார். மரம் செத்துவிட்டதா என்று கேட்டார் நிகழ்ச்சி நடத்துநர். இன்னும் சாகவில்லை, நிச்சயம் செத்துவிடும் என்றார் இவர். நேரலையில், மாநிலம் முழுக்கக் கேட்கும்படி! வேடிக்கைப் பேச்சு என்றுதான் பலர் நினைத்தார்கள். பல்கலைக்கழகம் மண்ணை எடுத்துச் சோதித்தது. டெபுதியூரான் என்ற களைக்கொல்லி. மேய்ச்சல் நிலத்தில் புதரை அழிக்கப் போடுவது. பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை, 0.78 பங்கு. மிகக் குறைந்த மாதிரியில் இருந்த அந்த அளவே மரத்தைக் கொல்லப் போதும் என்றார்கள் நிபுணர்கள். மிக அதிகமான மாதிரியில் 51 பங்கு இருந்தது.

இந்த மருந்து மரத்தை எப்படிக் கொல்கிறது தெரியுமா? வேர் வழியாக ஏறி, இலை உணவு சமைப்பதை நிறுத்துகிறது. இலை உதிரும். சேமித்து வைத்ததை எடுத்து மரம் மறுபடி துளிர்க்கும். அந்த இலையும் கருகும். மறுபடி துளிர்க்கும். கையிருப்புக் கரையும்வரை இப்படியே போகும். சுற்றியிருந்த மண்ணைத் தோண்டி எடுத்தார்கள், கரித்தூள் போட்டு விஷத்தை உறிஞ்சப் பார்த்தார்கள். நான் போய்ச் சேர்ந்த வருடம் அந்த மரங்கள் துளிர்ப்பதைப் பார்த்து ஊரார் பிழைத்துவிடும் என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. துளிர்ப்பதுதான் அங்கே சாவின் அடையாளம். நோயாளி வீட்டில் டாக்டர் ஒருவர் விருந்தாளியாக மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

2012 சீசனில் மரத்தோடு அணியும் செத்தது. பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்பது தோல்வி. தங்கள் மண்டலத்து அணிகளோடு ஆடிய எட்டில் எட்டும் தோல்வி. கடைசி ஆட்டம் அலபாமாவோடு: 49-0. பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள். 2013 ஏப்ரலில் மரங்களை வெட்டினார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை கடைசியாக ஒரு முறை காகிதம் வீச ஊர் கூடியது. நானும் ஒரு சுருள் வீசினேன், கிளையை எட்டவில்லை.

புதுப் பயிற்சியாளர் கஸ் மால்ஸான் வந்தார். பள்ளி அணிகளில் ஆரம்பித்து மேலே வந்தவர். ஒவ்வொரு வாய்ப்புக்கும் நடுவே அணிகள் கூடி நின்று பேசிக்கொள்வது வழக்கம். இவர் பேசவிடமாட்டார், ஓடு, நில், உடனே ஓடு. எதிரணிக்கு மூச்சு வாங்க நேரமில்லை. பந்தை வாங்கிக் கொடுக்கும் குவார்ட்டர்பேக் இடத்துக்கு நிக் மார்ஷல். இவர் முன்பு ஜார்ஜியா அணியிலிருந்து நீக்கப்பட்டவர், அதுவும் அங்கே தடுப்பாட்டக்காரராக ஆடியவர். பந்தோடு ஓட ட்ரே மேசன். செப்டம்பரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியான எல்.எஸ்.யூ.விடம் 35-21 என்று தோற்றார்கள். பழைய கதைதான் என்று நினைத்தோம். அதற்குப் பிறகு அந்த வருடம் முடியும்வரை அவர்கள் தோற்கவில்லை.

முனையில் மரம் இல்லை அல்லவா? ஜெயித்தால் எங்கே வீசுவது? பல்கலைக்கழகம் கம்பம் நட்டுக் கம்பி கட்டிக் கொடுத்தது. கவனியுங்கள், தந்திக் காலத்துக் கம்பி திரும்ப வந்துவிட்டது. அந்த ஆண்டு முழுக்கக் காகிதம் கம்பியில்தான் தொங்கியது.

நவம்பர் 16, ஜார்ஜியாவோடு ஆட்டம். 37-17 என்று ஆபர்ன் முன்னால் இருந்தது. அத்தனையையும் விட்டுக்கொடுத்து 38-37 என்று பின்னால் போனது. அரை நிமிடம் மிச்சம், கடைசி வாய்ப்பு, பதினெட்டு யார்டு போக வேண்டும். மார்ஷல் கண்ணை மூடிக்கொண்டு வீசியதுபோல ஒரு வீச்சு. ஜார்ஜியாவின் இரண்டு பேர் பந்துக்குப் பாய்ந்து ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டார்கள். யாராவது ஒருவர் சும்மா இருந்திருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். பந்து அவர்கள் கையில் பட்டுத் தெறித்து, முன்னால் ஓடிக்கொண்டிருந்த ரிகார்டோ லூயிஸின் தோளுக்கு மேலாக வந்து விழுந்தது. 73 யார்டு. 43-38.

சரி, இப்போது நவம்பர் 30. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

அலபாமா வருகிறது. நாட்டிலேயே முதலிடம், முந்தைய இரண்டு வருடமும் தேசிய சாம்பியன். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் மண் மாதிரிகளை உலர வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஊரில் டிவி வைத்திருப்பவர்கள்கூட அதன் சத்தத்தை அணைத்துவிட்டு ரேடியோவைத்தான் கேட்பார்கள். ஆபர்ன் வர்ணனையாளர் பெயர் ராட் பிராம்ப்லெட். நடுநிலை என்றெல்லாம் பாசாங்கு கிடையாது. நம் வீட்டுக்காரர் ஒருவரை மைதானத்துக்கு அனுப்பிவைத்தது போலப் பேசுவார்.

அரை நிமிடம் இருக்கையில் 28-28. கடைசி ஓட்டத்தில் அலபாமா வீரர் கோட்டுக்கு வெளியே போனார், கடிகாரம் பூஜ்யம். கூடுதல் நேரம்தான் என்று நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். இல்லை, அவர் வெளியே போனபோது ஒரு விநாடி இருந்தது என்று அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் வாதாடினார். படத்தைப் போட்டுப் பார்த்து நடுவர்கள் அந்த ஒரு விநாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்டு வாங்கியது அலபாமா. அதை மறக்காதீர்கள், கேட்டு வாங்கியது அலபாமா.

ஒரு விநாடியில் என்ன செய்யலாம்? உதைக்கலாம். 57 யார்டு, ரொம்பத் தூரம். ஆனால் போனால் வெற்றி, போகாவிட்டால் நஷ்டமில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. உதைத்த பந்து கம்பத்தை எட்டாமல் விழுந்தால், எதிரணி அதைப் பிடித்துக்கொண்டு ஓடலாம். வழக்கமாக யாரும் ஓடமாட்டார்கள். ஆபர்ன் தன் கோடியில், கம்பத்தின் அடியில், கிறிஸ் டேவிஸ் என்ற ஒருவரை நிறுத்திவைத்தது.

எனக்கு முதலில் வந்த செய்தி ஜன்னல் வழியாக வந்தது. ரேடியோ ஒலி சில விநாடி தாமதமாகத்தான் வரும், மைதானத்து இரைச்சலோ காற்றில் நேராக வரும். ஒரு "ஓ" கேட்டது. உதை போகவில்லை என்று புரிந்தது. இரைச்சல் அடங்க வேண்டும், அடங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. இங்கே ரேடியோவில் பிராம்ப்லெட் அப்போதுதான் உதையையே சொல்கிறார், பந்து குறைவாக விழுகிறது, டேவிஸ் பிடிக்கிறார் என்கிறார். வெளியே என்னவோ நடந்து முடிந்துவிட்டது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அப்புறம் அவர் குரல் உடைந்தது. டேவிஸ் ஓடுகிறார், ஆபர்ன் ஜெயிக்கப் போகிறது, ஆபர்ன் ஜெயிக்கப் போகிறது! இன்றிரவு இந்தக் கூட்டத்தை மைதானத்துக்குள் இறங்கவிடாமல் தடுக்க முடியாது என்றார். தடுக்கவும் முடியவில்லை.

யாராலும் ஏன் டேவிஸைப் பிடிக்க முடியவில்லை? உதைக்கும் நேரத்தில் களத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் நூற்றைம்பது கிலோவைத் தொடும் ஆட்கள். குறுக்கே நிற்கத்தான் அவர்கள், துரத்த அல்ல. நெல் மூட்டைகளை வேலியாக அடுக்கிவைத்து முயலைப் பிடிக்கச் சொன்ன மாதிரி. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினார். 34-28.

அன்று இரவு முனையில் கம்பியே தெரியவில்லை. நான் வீசிய சுருள் இந்த முறை எட்டியது. கம்பி மரக்கிளையைவிடத் தாழ்வு, அதுதான் காரணம்.

இரண்டு விரல் காட்டுகிறார் தயாரிப்பாளர், இரண்டு நிமிடம். பிராம்ப்லெட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டுமென்று குறித்துக்கொண்டு வந்தேன். 2019-இல் கார் விபத்தில் அவரும் மனைவியும் இறந்துபோனார்கள். அந்த ஒலிப்பதிவை இப்போதும் வருடத்துக்கு ஒரு முறை போட்டுக் கேட்கிறேன். ஜன்னல் சத்தம்தான் அதில் இருக்காது.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் மண்டல இறுதியில் மிஸூரியை 59-42 என்று வென்றார்கள், மேசன் ஒருவரே 304 யார்டு ஓடினார். 2014 ஜனவரி 6, கலிஃபோர்னியாவில் பாஸடீனா, தேசிய இறுதி ஆட்டம், ஃப்ளோரிடா ஸ்டேட். 21-3 என்று முன்னால் இருந்தார்கள். பதின்மூன்று விநாடி இருக்கும்போது எதிரணி டச்டவுன். 34-31 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்துக்கு மட்டுமே அரை மணி நேரம் வேண்டும்.

2015-இல் முனையில் புதிதாக இரண்டு ஓக் நட்டார்கள். அதற்கு முன் மண்ணை எப்படி மாற்றினார்கள் என்பதுதான் நான் முக்கியமாக... சரி சரி, விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.