கொலை செய்யாத கொலையாளியா? கோபி வாசகியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் 'த்ரோன் ஆஃப் கிளாஸ்' நாவலைப் பற்றிப் பேசியதற்கு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். கோபியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி, கொஞ்சம் சூடாகவே கேட்டிருக்கிறார். "பேர்போன கொலையாளி என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன். முதல் பாகம் முழுக்க அவள் நல்ல கவுன் போடுகிறாள், பியானோ வாசிக்கிறாள், மிட்டாய் தின்கிறாள். கூலி வாங்கி ஒரு கொலைகூடச் செய்யவில்லை. இவளா வீராங்கனை? பத்தாவது படிக்கும் என் தங்கையும் புத்தகத்தைக் கேட்கிறாள். கொடுக்கலாமா?"

கோபம் நியாயம்தான் அம்மிணி. ஆனால் பாதிதான் நியாயம்.

படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. அந்தக் கொலையாளி செலேனாவுக்குப் பதினெட்டு வயது. பிடிபட்டு, என்டோவியர் என்ற உப்புச் சுரங்கத்தில் ஒரு வருடம் அடிமையாகக் கிடக்கிறாள். பட்டத்து இளவரசன் டோரியன் வந்து ஒரு பேரம் பேசுகிறான். திருடர்களும் கொலைகாரர்களும் மோதும் ஒரு போட்டியில் அவள் வென்றால் அரசனிடம் நான்கு வருடம் வேலை, அதன்பின் விடுதலை. தோற்றால் மறுபடியும் சுரங்கம்.

அந்த ஒரு வருடத்தை நீங்கள் வேகமாகத் தாண்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அரண்மனைக்கு வந்தபின் காவல் படைத் தலைவன் கேயல் அவளை விடியற்காலையில் ஓட வைக்கிறான். (கேயல் என்றுதான் சொல்ல வேண்டுமாம். ஒரு வருடமாக நான் சாவோல் என்றே படித்துக்கொண்டிருந்தேன்.) ஓடி முடிப்பதற்குள் வாந்தி எடுக்கிறாள். நாடே பயந்த பெண்ணுக்கு ஓட்டத்தில் மூச்சு முட்டுகிறது. நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

காரணம் சொல்கிறேன். என் அம்மா சென்னிமலையில் தறி நெய்தவர். ஒரு முறை டைபாய்டு வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டார். தேறி வந்து தறிக்குழியில் மறுபடி கால் வைத்த அன்று நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பாவில் எந்த இழை அறுந்திருக்கிறது என்று கண் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. விரல் தானாக முடிச்சுப் போடுகிறது. ஆனால் மிதிக்கட்டையை மிதித்தால் முழங்கால் நடுங்குகிறது. கயிற்றை இழுத்தால் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா பாதி வழியில் நின்றுவிடுகிறது. நான்கு விரற்கடை நெய்வதற்குள் சுவரில் சாய்ந்துகொண்டு, "தோள் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது, கண்ணு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாளும் போய் உட்கார்ந்தார். செலேனா வாந்தி எடுத்துவிட்டு அடுத்த நாள் காலையிலும் ஓடப் போகும்போது எனக்கு அந்தத் தறிக்குழிதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவள் வேறு பெயரில்தான் போட்டியில் நிற்கிறாள், நகைத் திருடி என்ற வேஷத்தில். நடுவில் இரு, முதலில் வராதே, யார் கண்ணிலும் படாதே என்று கேயல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். தன் திறமையை மறைப்பதே அவளுக்கு வேலை. கோட்டைச் சுவரில் ஏறும் போட்டியில், சக போட்டியாளன் ஒருவன் விழப்போகும்போது கயிற்றோடு பாய்ந்து அவனைப் பிடிக்கிறாளே, அங்கே ஒரு கணம் வேஷம் விலகுகிறது. முந்துவதை விட்டுவிட்டு ஓர் உயிரைப் பிடிக்கிறாள். கொலை எத்தனை என்று எண்ணிக்கொண்டே படித்தால் இது கணக்கில் வராது.

சரி, உங்கள் பக்க நியாயத்துக்கு வருகிறேன். 'நான் யார் தெரியுமா' என்ற அவளுடைய பெருமைப் பேச்சு எனக்கும் சலித்தது. அந்த மிட்டாய் விஷயத்தை மன்னிக்கவே முடியாது. போட்டியாளர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். பண்டிகை நாள் காலையில் ஒரு பை மிட்டாய் வந்திருக்கிறது, யார் வைத்தது என்று தெரியாது. விஷத்தைப் பற்றிக் கரைத்துக் குடித்தவள், பல் சிவக்கச் சிவக்க அதை மென்று தீர்க்கிறாள்! முன்பின் தெரியாதவர் நீட்டுகிற திருநீற்றைக்கூட என் பாட்டி எங்களை வாங்க விடமாட்டார்.

சாரா ஜே. மாஸ் இந்தக் கதையை எழுதத் தொடங்கியபோது அவருக்குப் பதினாறு வயது. முதலில் இணையத்தில்தான் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டார். புத்தகமாக வந்தது 2012இல். சிண்ட்ரெல்லா நடனத்துக்குப் போவது இளவரசனைக் கொல்வதற்காக இருந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணத்தில் பிறந்த கதை அது. கவுனும் நடனமும் கத்தியும் ஒரே பெட்டியில் கிடப்பதற்குக் காரணம் அதுதான். அந்தப் பெருமைப் பேச்சிலும் ஒரு பதினாறு வயதுக் குரல் கேட்கத்தான் செய்கிறது.

நம் பக்கத்து அண்ணன்மார் கதையில் தங்காள் கனவு கண்டு கெட்டது வரப்போவதைச் சொல்வாள். வாளை எடுத்துக்கொண்டு போவது பொன்னரும் சங்கரும். விடிய விடிய உடுக்கைப் பாட்டில் அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் வாளோடு ஒரு பெண் வந்ததும் எத்தனை தலை உருளும் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். உங்களைக் குறை சொல்லவில்லை.

அவள் தொழில் செய்வதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் 'தி அசாசின்ஸ் பிளேடு' எடுங்கள். 2014இல் வந்தது, சுரங்கத்துக்கு முந்தைய ஐந்து குறுநாவல்கள். முதல் கதையிலேயே கொலையாளிகளின் தலைவன் அவளை அடிமைகளை வாங்கிவர அனுப்புகிறான். அவள் என்ன செய்கிறாள் என்பதை நீங்களே படியுங்கள். அதை முடித்துவிட்டு இரண்டாம் பாகத்தைத் திறந்தால், அரசன் கொல்லச் சொன்னவர்களுக்கு என்ன ஆகிறது என்பதும் உங்களுக்கு வேறு மாதிரித் தெரியும். அவள் உண்மையில் யார் என்பதை என் வாயிலிருந்து வாங்க முடியாது.

தங்கை விஷயம். முதல் இரண்டு பாகங்களைத் தாராளமாகக் கொடுக்கலாம். ரத்தம் உண்டு, முத்தம் உண்டு, இரண்டாம் பாகத்தில் அதற்கு மேலும் கொஞ்சம் உண்டு, ஆனால் விவரமாக இல்லை. ஐந்தாவதான 'எம்பையர் ஆஃப் ஸ்டார்ம்ஸ்' வேறு. அதில் படுக்கையறைக் காட்சிகள் விவரமாகவே இருக்கின்றன. அதை இப்போதைக்கு உங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். தொகுதிகள் மொத்தம் எட்டு, கடைசிப் பாகம் தலையணை அளவு. பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் முதல் பாகத்தைக் கையில் கொடுங்கள். முன்னாலேயே கொடுத்துவிட்டு உங்கள் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது பெருந்துறையிலிருந்து வந்த கேள்வி.