ஆறு வயதுக் கடைவாய்ப் பல்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகளின் பற்களைச் சொத்தையிலிருந்து காக்கும் சீலண்ட் என்னும் பூச்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன், அந்தப் பூச்சு யாருக்கு உரியதோ அந்தப் பல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

குழந்தைக்கு ஆறு வயதாகும்போது, பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, மேலும் கீழும் இருபுறமுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. முன்பல் ஆடினால் வீடே வேடிக்கை பார்க்கிறது. இந்தப் பல் வந்ததே பலருக்குத் தெரிவதில்லை. பள்ளி முகாம் ஒன்றில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கீழ்க் கடைவாய்ப் பல்லைத் துடைத்து உலர்த்திப் பார்த்தேன். நடுப்பள்ளத்தில் குண்டூசி முனையளவு கறுப்பு. அதைச் சுற்றி, பல்லின் கடினமான மேலுறையாகிய எனாமலுக்கு அடியில் சாம்பல் நிற நிழல் பரவியிருந்தது. “பால் பல்தானே டாக்டர், விழுந்து முளைச்சிடாதா?” என்று தாயார் கேட்டார். இதே கேள்வியை எத்தனையோ பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். அது விழுந்து முளைக்காது, நேயர்களே. ஆயுள் முழுவதும் மென்று தின்ன வேண்டிய பல் அது. அந்தச் சிறுமிக்கு அதைக் குடைந்து அடைக்க வேண்டியதாயிற்று. மற்ற மூன்றுக்கும் பூச்சுப் பூசினோம்.

காலையும் இரவும் ஒழுங்காகப் பல் துலக்கும் குழந்தைக்கும் ஏன் சொத்தை வருகிறது என்று கேட்கலாம். மெல்லும் பரப்பிலுள்ள பள்ளங்கள் பல இடங்களில் பிரஷ்ஷின் ஒற்றை இழையைவிடக் குறுகலானவை. பிஸ்கட் துணுக்கு நுழையும் இடத்தில் இழை நுழையாது. பூச்சு அந்தப் பள்ளத்தையே மூடிவிடுகிறது.

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பணிபுரிந்த பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர். உலோகத்தில் வண்ணம் நன்கு பற்றுவதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்போரிக் அமிலம் தடவுவதைக் கருத்தில் கொண்டு, எனாமல் மீதும் அதைத் தடவினால் பிசின் பற்றிக்கொள்ளும் என்று 1955இல் காட்டினார். இன்றும் முறை அதுவே: பல்லைச் சுத்தம் செய்து, சில விநாடிகள் அமிலம் தடவிக் கழுவி, நன்றாக உலர்த்தி, பூச்சை இட்டு நீல ஒளியால் இறுக வைக்கிறோம். ஊசியும் இல்லை, குடைதலும் இல்லை. எச்சில் பட்டால் மட்டும் பூச்சு பற்றாது. ஆகவேதான் குழந்தையைச் சற்று நேரம் வாய் மூடாமல் இருக்கச் சொல்கிறோம். கடைவாய்ப் பற்களில் வரும் சொத்தையில் 80 விழுக்காட்டை இந்தப் பூச்சு இரண்டு ஆண்டுகளுக்குத் தடுப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது.

நேரம் நெருங்கிவிட்டதால் எஞ்சியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூச்சின் ஓரம் பெயரக்கூடும். ஆறு மாதத்துக்கொருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள், பெயர்ந்த இடத்தில் மீண்டும் பூசிவிடலாம். பற்களின் இடுக்கைப் பூச்சு காக்காது; துலக்குவதை நிறுத்தக் கூடாது. ஏறக்குறைய பன்னிரண்டு வயதில் பின்னால் மேலும் நான்கு பற்கள் முளைக்கும். அவற்றுக்கும் பூச வேண்டும். வணக்கம்.