சிலாப் ஒழுகாமல் இருக்க: வாளிப் பூச்சுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

(திரையில்: உப்புவெளிப் பக்கம் ஒரு மொட்டை மாடி, நடுப்பகல். தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன.)

வணக்கம். செப்டெம்பர் பிறந்துவிட்டது, கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை, இந்த மாதத்தில்தான் திருகோணமலை ஹாட்வெயார் கடைகளுக்கு வோட்டர் புரூப் பூச்சு வாளி கேட்டு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். வாங்குவதற்கு முன்னால் இதை ஒருதரம் பாருங்கள். புதிதாக சிலாப் போடப் போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் ஒழுக்கு முக்கால்வாசி தீர்மானமாவது சிலாப் போடுகிற அந்த ஒரு நாளிலும் அதற்குப் பிந்திய இரண்டு கிழமையிலும்தான். பூச்செல்லாம் அதற்கு அப்புறம் வருகிற காவல்.

நம் ஊர் மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும். மாதக்கணக்காக வெயிலில் வெந்த சிலாப் திடீரென்று நாள்கணக்காக நனைந்தே கிடக்கிறது. சின்னக் குறை இருந்தாலும் அந்த மூன்று மாதத்தில் வெளியே வந்துவிடும்.

சரி, கொங்கிரீட்டுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

ஒரு பை சீமெந்து 50 கிலோ. அது முழுதாக இறுகுவதற்கு ஏறக்குறைய 20 லீற்றர் தண்ணீர் போதும். மிச்சமெல்லாம் கலவை இலகுவாக ஓடவேண்டும் என்று நாம் ஊற்றுவது. அந்தக் கூடுதல் தண்ணீர் கொங்கிரீட்டுக்குள்ளேயே இடம்பிடித்துக் கிடந்து, காய்ந்து போன பிறகு அந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய துவாரங்களாக நிற்கும். சீமெந்து தொடர்ந்து ஈரத்தில் இருந்தால் மெல்ல மெல்ல வளர்ந்து அந்தத் துவாரங்களின் தொடர்பை அறுத்துவிடும், ஆனால் எவ்வளவு காலத்தில் என்பதுதான் கேள்வி.

(திரையில்: நான்கு வாளிகள், ஒன்றை விட ஒன்றில் தண்ணீர் கூட.)

தண்ணீரின் எடை சீமெந்தின் எடையில் 0.45 பங்கு என்றால் 7 நாளில் தொடர்பு அறும். 0.5 என்றால், அதாவது பைக்கு 25 லீற்றர், 14 நாள். 0.6 என்றால் ஆறு மாதம். 0.7 என்றால் ஒரு வருஷம். அதற்கு மேல் போனால் எத்தனை வருஷம் நனைத்தாலும் அறாது, அந்த சிலாப் பிறக்கும்போதே ஒழுகப் பிறந்தது. 25 லீற்றருக்கும் 35 லீற்றருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு வாளி என்பதை யோசித்துப் பாருங்கள். மிக்சருக்குப் பக்கத்தில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தம்பியின் கையில்தான் உங்கள் கூரை இருக்கிறது. ஆகவே ஹோஸை எடுத்துவிட்டு, அளவுக் கோடு போட்ட வாளி ஒன்றைக் கொடுங்கள்.

மணலையும் மறக்கக்கூடாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வருகிற மகாவலி மணல் ஆற்றில் அள்ளி நேராக வந்தால் ஈரமாகவே இருக்கும். சீமெந்து ஒன்றுக்கு மணல் ஒன்றரை, கல் மூன்று என்ற கலவையில் பைக்குப் போகிற மணல் ஏறக்குறைய 80 கிலோ. அதில் 5 வீதம் ஈரம் என்றாலே 4 லீற்றர் தண்ணீர் நீங்கள் ஊற்றாமலே உள்ளே போய்விட்டது. அதைக் கழித்துத்தான் ஊற்றவேண்டும். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம், உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

தண்ணீர் குறைந்த கலவை தடிப்பாக இருக்கும், மேசன்மார் முகம் சுளிப்பார்கள், நியாயம்தான், தடிப்பான கலவையைக் கம்பியால் குத்தி இறக்குவது கஷ்டம். அதனால் கலவையை அதிரவைத்து இறக்குகிற வைபிரேற்றர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். கொங்கிரீட்டுக்குள் 5 வீதம் காற்று அடைபட்டு நின்றாலே பலம் ஏறக்குறைய 30 வீதம் விழும், அந்தக் காற்றுப் பைகள் எல்லாம் தண்ணீருக்கு வழி. அப்புறம், தொடங்கினால் நிறுத்தாமல் முடிக்கவேண்டும். சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக இறங்கிப்போய், வந்து மிச்சத்தைப் போட்டால், காலையில் போட்டதும் பின்னேரம் போட்டதும் ஒட்டாமல் நடுவில் ஒரு கோடு விழும். மழை வந்தால் அந்தக் கோட்டில்தான் ஒழுகும். இரண்டு பிரிவாகப் பிரிந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. பீம்களுக்கு மேலே சிலாப்பின் மேல்பக்கத்தில் ஒரு வரிசைக் கம்பி கட்டுவார்கள். தாச்சி தூக்குகிறவர்கள் அதன்மேல் நடந்து நடந்து கம்பி கீழே அமுங்கிவிடும். பிறகு சிலாப் பாரம் ஏறி வளையும்போது மேல்பக்கத்தை இழுத்துப் பிடிக்க அங்கே கம்பி இல்லை. பீம் ஓடுகிற வழியே நேர்கோட்டில் வெடிப்பு, அதுவும் தண்ணீர் நிற்கிற மேல்பக்கத்தில். நடப்பதற்குப் பலகை போட்டால் போதும், காசு செலவே இல்லை. கீழ்க் கம்பிக்கும், கொங்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கிற பலகைக்கும் இடையில் சீமெந்துக் கட்டி வைத்து குறைந்தது 25 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள், கடலோரமென்றால் இன்னும் கூட.

(திரையில்: புதிதாகப் போட்ட சிலாப்பின் மேல் பொலித்தீன் விரிக்கிறார்கள்.)

இப்போது கச்சான். காய்ந்த காற்று, பகல் வெயில் இரண்டும் சேர்ந்தால் போட்டு இறுகுவதற்கு முன்பே மேற்பரப்பு காய்ந்து சுருங்கி, ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலத்திலேயே வெடிப்பு ஓடிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை போடுகிறவர்கள் விடியற்காலையில் தொடங்குங்கள், மட்டம் தட்டிய பகுதியை உடனுக்குடனே பொலித்தீனால் மூடுங்கள். அடுத்த நாள் காலை, தம்பலகாமத்து வயலில் வரம்பு கட்டுவதுபோல ஓரமாகவும் குறுக்காகவும் சின்ன வரம்பு கட்டி, தண்ணீர் நிரப்பி 14 நாள் விடுங்கள். காலையும் மாலையும் ஹோஸால் நனைப்பது போதாது, இடையில் காய்ந்தால் சீமெந்தின் வளர்ச்சி நின்றுவிடும்.

சாய்வு பற்றிச் சுருக்கமாக. பத்து அடிக்குக் குறைந்தது ஒன்றரை அங்குலம், நான் இரண்டு அங்குலம் கேட்பேன், ஏனென்றால் கையால் மட்டம் தட்டும்போது அங்கங்கே பள்ளம் விழத்தான் செய்யும். அந்தச் சாய்வைப் பலகை அடிக்கும்போதே கொடுத்துவிடுங்கள். பிறகு மேலே சீமெந்துக் கலவை போட்டுச் சாய்வு எடுத்தால், 50 மில்லிமீற்றர் தடிப்புக்கே சதுர மீற்றருக்கு 100 கிலோவுக்கு மேல் பாரம் கூடும். தண்ணீர் இறங்குகிற குழாயையும் கொங்கிரீட் போடுவதற்கு முன்பே வையுங்கள், பிறகு உளியால் உடைத்துப் பைப் இறக்கினால் அந்த ஓட்டை வாழ்நாள் தலையிடி. பிவிசி வழுவழுப்பாக இருப்பதால் கொங்கிரீட் அதைப் பிடிக்காது. பைப்பின் வெளிப்பக்கம் பசை பூசி மணல் தூவிக் காயவிட்டுப் பிறகு வைத்தால் பிடிக்கும்.

(திரையில்: துருப்பிடித்த தூண் கம்பிகள், நெருக்கமாக.)

இப்போது இந்தக் கம்பிகளைப் பாருங்கள். உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை எத்தனை வீடுகளில் இப்படி நிற்கின்றன! மகளுக்கு ஒரு மேல்மாடி, வெளிநாட்டிலிருந்து தம்பி காசு அனுப்பினால் ஒரு மேல்மாடி என்று நம்பிக்கையோடு விட்டு வைத்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கடற்காற்றில் அது துருப்பிடிக்கும், துருவின் பருமன் இரும்பை விட இரண்டு மடங்குக்கும் மேல், அது சுற்றியுள்ள கொங்கிரீட்டைப் பிளந்துகொண்டு கம்பி வழியே கீழே இறங்கும், தண்ணீரும் அதே வழியில் இறங்கும். துருவைச் சுரண்டி, கம்பி முழுவதற்கும் சீமெந்துப் பால் பூசி, லேசான கலவையால் மூடிவிடுங்கள். பிறகு தேவைப்படும்போது உடைத்தெடுக்கலாம். அடியில் சுற்றிவர ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, பூச்சை அதன்மேலும் ஏற்றுங்கள்.

ஏற்கனவே ஒழுகுகிற வீடு என்றால் என்ன செய்வது? முதலில், கீழே கறை இருக்கிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்க வேண்டாம், தண்ணீர் சிலாப்புக்குள் பக்கவாட்டில் ஓடி எங்கேயோ இறங்கும். கறையின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் சுண்ணாம்பு கரைந்து வருகிறது. 0.2 மில்லிமீற்றருக்குக் குறைந்த வெடிப்பு அந்தச் சுண்ணாம்பாலேயே சிலவேளை அடைபட்டும் போகும். மண்ணிறக் கறை என்றால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது, அங்கே பூச்சு வேலை வேண்டாம், உடைத்துக் கம்பியைச் சுத்தம் செய்யவேண்டும். கீழ்ப்பக்கம் சீலிங்கில் பூசி மறைப்பது மிக மோசமான வேலை, தண்ணீர் சிலாப்புக்குள்ளேயே அடைபட்டுக் கம்பியைத் தின்னும்.

வெடிப்புக்குச் சீமெந்து அடைப்பதும் நிற்காது. 10 மீற்றர் சிலாப் 30 பாகை சூடு மாறினால் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும், தினமும். அசைகிற வெடிப்பை வி வடிவத்தில் வெட்டி, இழுபடுகிற பொலியூரித்தேன் பசையால் அடையுங்கள். அதன்மேல் எந்தப் பூச்சு? தண்ணீர் தேங்குகிற சிலாப்புக்கு சாதாரண அக்ரிலிக் வேண்டாம், ஊறி உரியும். இரண்டு பகுதியாக வருகிற சீமெந்துப் பூச்சோ பொலியூரித்தேனோ நல்லது, இரண்டு கோட், இரண்டாவதை முதலாவதற்குக் குறுக்கே இழுக்கவேண்டும். நெருப்புக் காட்டி ஒட்டுகிற 4 மில்லிமீற்றர் தார்ச் சுருளும் நல்லது, ஒன்றன்மேல் ஒன்று 100 மில்லிமீற்றர் ஏறவேண்டும். எதைப் போட்டாலும் சுவர் மூலையைக் கலவையால் சரிவாக்கி, பூச்சை 150 மில்லிமீற்றர் சுவரில் ஏற்றுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிச் சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது. அப்படிப்பட்ட காற்றில் மழை பக்கவாட்டில்தான் அடிக்கும், கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் நுழைந்து பூச்சுக்கு அடியால் வரும். அந்தச் சுவரின் தலையையும் பக்கங்களையும் விடாதீர்கள்.

(திரையில்: அடைத்த குழாய்வாய், தேங்கிய தண்ணீர், பக்கத்தில் ஒரு வாளி.)

வேலை முடிந்து பூச்சு காய்ந்ததும், மழைக்கு முன்பே சோதியுங்கள். குழாய்வாயை அடைத்து ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 48 மணித்தியாலம் விடுங்கள். வெயிலில் கொஞ்சம் ஆவியாகும், அதனால் பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர் வைத்து இரண்டிலும் கோடு போடுங்கள். சிலாப்பில் வாளியை விடக் கூட இறங்கியிருந்தால் எங்கேயோ போகிறது, வரம்பு கட்டிப் பகுதி பகுதியாகச் சோதித்து இடத்தைப் பிடியுங்கள். மேசனுக்குக் கடைசித் தவணைக் காசை இந்தச் சோதனை முடியும்வரை கொடுக்காமல் வைத்திருங்கள், வேலை தொடங்கும் முன்பே அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.