மான்களின் இருப்பிடமும் மனிதரின் குணமும்

வணக்கம் நேயர்களே. எங்கள் பிரடெரிக் கோட்டை மான்களைத் தெரியாதவர் திருகோணமலையில் இல்லை. கடைவாசலில் நின்று பழத்தோலுக்குக் கழுத்தை நீட்டும். எவ்வளவு விரட்டினாலும் இந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டுப் போகாது. இப்படி ஒரு விலங்கு பழகிக்கொண்ட இடத்தைத்தான் பழைய கிரேக்கர் 'ஏதோஸ்' என்றார்கள். ஹோமரின் இலியட்டில், கட்டை அறுத்துக்கொண்டு பாயும் குதிரை தன் மேய்ச்சல் நிலத்துக்கு ஓடும் இடத்தில், பன்மையில் இந்தச் சொல் வருகிறது.

பிறகு அது மனிதருக்கும் வந்தது. பழகிய இடம் பழகிய முறையாகி, கடைசியில் குணம் என்று நின்றது. அரிஸ்டாட்டில் இன்னொன்று சொல்கிறார்: குறில் 'எதோஸ்' என்றால் பழக்கம், அது சற்றே திரிந்துதான் நெடில் 'ஏதோஸ்', குணம். நல்ல குணம் பிறவியில் வருவதல்ல, செய்து செய்து பழகுவது என்பது அவர் கட்சி. ஆங்கில எழுத்தில் இந்தக் குறில் நெடிலைக் காட்ட முடியாது. எங்களுக்கு எ, ஏ இருக்கிறது, கவலையில்லை.

லத்தீனில் ஈடான சொல் இல்லாததால், வழக்கத்தைக் குறிக்கும் 'மோஸ்' என்பதிலிருந்து 'மொராலிஸ்' என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ புதிதாக ஆக்கினார். இன்றைய 'மொரல்' அந்த வழிதான். ஒரு சமூகத்தின் இயல்பு என்ற பொருளில் இதே 'ஏதோஸ்', 'ஈதோஸ்' என்ற உச்சரிப்போடு ஆங்கிலத்தில் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டில். ஜெர்மானியர் அதைத் தொழிலோடு சேர்த்து 'பெரூஃப்ஸ்எதோஸ்' என்கிறார்கள். போலந்துக்காரர் உழைப்பின் நெறியை 'எதோஸ் பிரத்சி' என்பர். இன்றைய ஏதென்சில் அந்த நெடில் ஏகாரம் ஈகாரமாகிவிட்டது. அதனால் ஆங்கிலம் படித்த நம்மவர் 'ஈதோஸ்' என்பது தற்செயலாக அவர்கள் உச்சரிப்போடு ஒத்துப்போகிறது!

இப்போது கந்தோர்களின் சுவரில் 'எமது விழுமியங்கள்' என்று கண்ணாடிச் சட்டம் தொங்குகிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மூதூரிலிருந்து படிவத்தோடு வந்த ஆச்சியிடம், "இருங்கோ ஆச்சி, நான் நிரப்பித் தாறன்" என்று எழும்பி வருகிற எழுதுவினைஞர்தான் அந்தக் கந்தோரின் ஏதோஸ். சட்டத்தில் இருப்பது அச்சுக்கூலி.

பேச்சுக்கலைக்கும் இதே சொல்தான். பேசுகிறவரின் குணத்தை நம்பித்தான் சபை பேச்சை நம்பும் என்கிறார் அரிஸ்டாட்டில். அந்த நம்பிக்கையும் பேச்சுக்குள்ளேயே பிறக்க வேண்டுமாம். முன்பு சம்பாதித்த பெயர் கணக்கில் வராது. நேயர்களுக்கு என் முகமும் தெரியாது, பெயரும் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே இந்தச் சில நிமிடத்தில் நான் தேறினேனா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.