தளத்தைப் பழுது பார்ப்பதா, புதிதாகக் கட்டுவதா?

அவையோருக்கு வணக்கம்.

தொழில் நடத்துகிற ஒருவர் தன் இணையதளத்தை நாள்தோறும் பார்க்கிறார். அவருடைய வாடிக்கையாளர் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பார்த்தால் அதிகம். ஆகவே தளம் முதலில் அலுத்துப்போவது உரிமையாளருக்குத்தான். அலுப்பு வந்ததும், 'டிசைன் பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம்' என்ற பேச்சு கிளம்புகிறது. பணம் செலவாகிறது, மாதங்கள் ஓடுகின்றன, புதுத் தளம் வருகிறது. ஆனால் வாடிக்கையாளர்களிடமிருந்து முன்பு வந்துகொண்டிருந்த விசாரணைகூட வருவதில்லை. பலர் அடிபடுகிற இடம் இது. அதனால்தான் எப்போது மாற்ற வேண்டும் என்பதை இன்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வருகிறவர் எங்கே நின்றுபோகிறார்? விடை உங்களிடமே இருக்கிறது. கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் இலவசக் கருவியான கூகுள் சர்ச் கன்சோல், 16 மாதத் தகவலை வைத்திருக்கும். இந்த மூன்று மாதங்களைச் சென்ற ஆண்டின் அதே மூன்று மாதங்களோடு வைத்துப் பாருங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டால் சீசன் ஏமாற்றிவிடும். மொபைலையும் கணினியையும் தனித்தனியாகப் பிரியுங்கள். தேடலில் உங்கள் தளம் தென்படுகிற எண்ணிக்கையே குறைந்திருந்தால், ஆட்கள் வாசல் வரைகூட வரவில்லை என்று பொருள். நிறத்தையும் படத்தையும் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. வருகிறவர் எண்ணிக்கை அப்படியே இருந்து விசாரணை மட்டும் குறைந்திருந்தால், அப்போது தளத்துக்குள்ளே தேடுங்கள்.

எப்படித் தேடுவது? உங்கள் மொபைலை எடுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் உங்கள் விசாரணைப் படிவத்தைத் திறந்து, ஒரு வாடிக்கையாளர் போல நிரப்புங்கள். தொலைபேசி எண் கட்டத்தைத் தொட்டால் எண் விசைகள் வருகின்றனவா, எழுத்து விசைகள் வருகின்றனவா? கட்டத்துக்குள் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், தொட்ட உடனே ஐபோனின் சஃபாரி உலாவி பக்கத்தையே பெரிதாக்கிவிடும். வலது பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். மின்னஞ்சலில் வேண்டுமென்றே ஒரு தப்பு விட்டு அனுப்பிப் பாருங்கள். தப்பைச் சுட்டிக்காட்டிவிட்டு, அதுவரை நிரப்பிய எல்லாவற்றையும் படிவம் அழித்துவிடுகிறதா? அழித்தால், பெரும்பாலானோர் மறுபடி நிரப்ப மாட்டார்கள். கடைசியாக, அனுப்பிய விசாரணை யாருடைய இன்பாக்ஸுக்குப் போகிறது? வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்கு மாதக்கணக்கில் விசாரணைகள் போய்க்கொண்டிருப்பது இந்தத் துறையில் மிகச் சாதாரணம். இவை ஒவ்வொன்றும் அரை நாள் வேலை. இதற்காகத் தளத்தையே மாற்ற வேண்டியதில்லை.

வேகத்துக்கும் இதே நியாயம்தான். கூகுள் மூன்று அளவுகோல் வைத்திருக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டதற்கு 200 மில்லிவிநாடிக்குள் திரை பதில் சொல்ல வேண்டும். படிக்கும்போது எழுத்து இடம் நகர்ந்து குதிக்கும் அளவு, கூகுள் கணக்கிடும் குறியீட்டெண்ணில் 0.1-ஐத் தாண்டக் கூடாது. நூற்றில் 75 வருகைகளுக்காவது இது கிடைக்க வேண்டும். கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் தள முகவரியைக் கொடுத்தால், போதிய வருகை உள்ள தளங்களுக்குக் கடந்த 28 நாளில் உண்மையான பயனர்களுக்குக் கிடைத்த அளவு வரும். கீழே வருகிற 100-க்கு இத்தனை என்ற மதிப்பெண்ணைவிட, மேலே உள்ள இந்த அளவுகளைத்தான் நம்ப வேண்டும்.

முதல் அளவு கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு படம்தான் காரணம். 400 பிக்சல் அகல இடத்தில் 4000 பிக்சல் அகலப் படத்தை ஏற்றியிருப்பார்கள். நீளத்தில் பத்து மடங்கு, அகலத்தில் பத்து மடங்கு. ஆக, தேவைக்கு நூறு மடங்கு பிக்சல். படத்தைச் சுருக்கி வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவத்தில் சேமித்தால் போதும். எழுத்து குதிப்பதற்கும் பெரும்பாலும் படங்களே காரணம். அவற்றின் அகல உயரத்தை நிரலில் குறிப்பிட்டால் நின்றுவிடும். ஆனால் இரண்டாவது அளவு, அதாவது தொட்டதற்குப் பதில் வரும் நேரம், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கெட்டிருந்தால் விஷயம் வேறு. தீம் என்கிற தோற்ற வார்ப்பு, பக்கம் கட்டும் பேஜ் பில்டர், கூடுதல் வசதிக்காகச் சேர்த்த இருபது முப்பது பிளகின் எல்லாம் தத்தம் ஸ்கிரிப்ட்டை, அதாவது நிரலை, எல்லாப் பக்கத்திலும் ஏற்றுகின்றன. ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று உடைகிறது. இங்கே பழுது பார்க்கப் பார்க்கச் செலவுதான் ஏறும்.

ஒரு பக்கத்தில் உள்ள கோளாறு பழுது வேலை. எல்லாப் பக்கத்திலும் ஒரே கோளாறு என்றால் கட்டமைப்பு வேலை. இந்த ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கட்டமைப்பு தவறியதற்கு மிகத் தெளிவான அடையாளம், தொழில் மாறியும் மெனு மாறாமல் இருப்பது. தளம் கட்டியபோது விற்றது ஒன்று, இன்று வருமானம் தருவது இன்னொன்று. அது மூன்றாம் அடுக்கில் 'மற்றவை' என்ற தலைப்புக்குள் கிடக்கும். இதைச் சோதிக்க வெளியாட்கள் ஐந்து பேர் போதும். ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: 'இந்தச் சேவையைக் கண்டுபிடித்து விசாரணை அனுப்புங்கள்.' பிறகு பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். உதவி செய்தால் சோதனை கெட்டுவிடும். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் மெனுவின் பெயர்களை மாற்றி, வேறு ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் தடுமாறினால் மறுவடிவமைப்புக்கு நேரம் வந்துவிட்டது.

அடித்தளம் காலாவதியாவது வேறு ரகம். உதாரணமாக, பல தளங்களை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. பதிப்பை உயர்த்தினால் தீம் உடைகிறது என்பதால் அதிலேயே தளத்தை ஓட்டுவது ஆபத்து. ஆனால் இங்கே மாற்ற வேண்டியது அடித்தளம். தோற்றம் வேலை செய்துகொண்டிருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், பிறகு விசாரணை குறையும்போது எதனால் குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மொபைலில் சுருங்காத பழைய தளத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கூகுள் இன்று உங்கள் பக்கத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது. அதில் இல்லாதது தேடலிலும் இல்லை.

மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டால், என் கவலையெல்லாம் பக்கங்களின் இணைய முகவரிகளைப் பற்றித்தான். மிகப் பெரிய இழப்பு அங்கேதான் நடக்கிறது. வேலை தொடங்கும் முன்பே பழைய தளத்தின் எல்லா முகவரிகளையும் ஒரு தாளில் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, புதிய தளத்தில் அதே விஷயம் உள்ள பக்கத்தை எழுதி, 301 ரீடைரக்ட் போடுங்கள், அதாவது பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது குறுக்கு வழி; அதைக் கூகுள் காணாமல் போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். ரீடைரக்ட்டுகளைக் குறைந்தது ஓராண்டாவது எடுக்காதீர்கள். தேடலில் ஆட்களைக் கொண்டுவருகிற பக்கம் எழுத்து அதிகமாகத் தெரிகிறது என்பதற்காக அதை நான்கு வரியாக வெட்டவும் விடாதீர்கள்.

திறக்கிற நாள் காலையில் பார்க்க வேண்டிய முதல் இடம் சோதனைத் தளத்தில் போட்டிருந்த, 'இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே' என்று கூகுளுக்குச் சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' கட்டளை. அது நீங்காமல் புதுத் தளத்தோடு வந்துவிட்டால், பக்கங்கள் ஒவ்வொன்றாகத் தேடலிலிருந்து விழும். வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாது. அதைப் பார்த்த கையோடு படிவத்தை உங்கள் மொபைலிலிருந்தே ஒரு தடவை அனுப்புங்கள். வருகைகளைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸில் உங்கள் வருகை பதிவாகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு மாதத்துக்கு, சர்ச் கன்சோலில் 404 என்று, அதாவது பக்கம் இல்லை என்று, வருகிற முகவரிகளை வாரம் ஒரு முறை எடுத்து, விட்டுப்போன ரீடைரக்ட்டுகளைப் போட்டுக்கொண்டே வாருங்கள். முதல் சில வாரங்கள் தேடல் இடம் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் பயந்துபோய் மறுபடி எதையும் மாற்றாதீர்கள். தேடல் இடம் நிலைப்படும் வரை பழைய தளத்தின் முழு நகலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.